எந்த மொழி என்று கேட்டது

கால்நடை மருத்துவர் ஸுல்மா எச்செவெர்ரி
இரண்டு டிராக்டர் டயருக்கான கூலிக்குப் பதில்
இந்தப் பெட்டியை இறக்கிவிட்டுப் போனாள்.
மூடியைக் கழற்றினால்
விசிறியில் பதினாறு வருட நாய்முடி.
காற்றடிக்கும் குழாயால் ஒரே ஊது.
பஞ்சர் கடை முழுக்கப் பறந்தது
எனக்குத் தெரியாத நாய்களின் கோடைக்காலம்.

மெமரி ஐந்நூற்றுப் பன்னிரண்டு,
டிஸ்க் நாற்பது.
நாற்பது என்ன, என்று கேட்டேன்.
அதை விடு, என்றான் நெரேவு,
எதிர்ச்சாரியில் செல்போன் ரிப்பேர் செய்பவன்.
ஒரு சிடியைக் கையில் வைத்தான்.
‘எடை குறைந்த சிஸ்டம்.
இந்தக் கிழட்டுக் கழுதையும் சுமக்கும்.’

எதிர்ச்சாரி பிரேசில்.
என் சாரி உருகுவே.
நடுவில் தெரு, அவ்வளவுதான்.

சிடி டிரைவ் வாய் திறக்கவில்லை.
காகிதக் கிளிப்பை நிமிர்த்தி
ஓட்டையில் குத்தினேன்.
வால்வு ஊசி பிடுங்கிய கைக்கு
இது ஒரு வேலையா.

திரை கறுத்தது.
வெள்ளை எழுத்துகள் சரசரவென்று இறங்கின,
படிக்கச் சொல்லி அல்ல, பயமுறுத்த.
பிறகு மரியாதையாக ஒரு கேள்வி:
உங்கள் மொழி எது?

பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.
ஸ்பானியம் இருந்தது.
போர்த்துகீசியம் இருந்தது.
நாங்கள் பேசுவது இல்லை.
வாக்கியத்தை இங்கே தொடங்கி
விலை பேச அங்கே போய்
திட்டுவதற்குத் திரும்பி வரும் பேச்சு அது.
பள்ளியில் அதற்கு மார்க் குறைத்தார்கள்.
ஸ்பானியத்தை அமுக்கினேன்,
அரசாங்க பாரத்தில் கையெழுத்துப் போடுவதுபோல்.

டிஸ்கை எப்படிப் பிரிக்கலாம்?
நீலப் பட்டை ஒன்று,
இழுத்தால் நகரும் கோடு.
எச்சரிக்கை: செய்ததை மீட்க முடியாது.

சிரித்துவிட்டேன்.
எங்கள் ஊரில் கோடு இழுத்தவர்களுக்கு
யார் காட்டினார்கள் இப்படி ஒரு பலகையை?
பிற்பாடு வந்தவர்கள்
கோட்டின்மேல் பூங்கா வைத்து பெஞ்சு போட்டார்கள்.

நான் பிரிக்கவில்லை. முழுசும் ஒன்று, என்றேன்.
அப்படியும் அது
ஒரு ஓரம் கேட்டது தனக்கென்று,
மெமரி போதாதபோது ஒதுங்க.
ஒரு ஜிபி கொடுத்தேன்.
யாருக்குத்தான் வேண்டாம்.

அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது.
மாத்தே குடித்தேன்.
கரும்பு லாரி ஒன்றுக்கு டியூப் ஒட்டினேன்.
அறுபத்திரண்டு.

இரண்டு மெமரிக் குச்சிகளில்
ஒன்று கெட்டது என்றான் நெரேவு போனில்.
எது?
டியூப் என்றால் தண்ணீரில் அமுக்கலாம்,
குமிழி காட்டிக்கொடுக்கும்.
இதை எந்த வாளியில் அமுக்குவது?
கைக்கு வந்ததைப் பிடுங்கினேன்.
பாதி நினைவோடு மறுபடி முதலிலிருந்து.
மறுபடி மொழி கேட்டது.
இந்தமுறை போர்த்துகீசியம்,
அதுவும் கொஞ்சம் இருந்து பார்க்கட்டும்.

ராத்திரி பதினொன்றுக்கு நூறு.
பெயர் கேட்டது. வால்கிரியா.
கம்ப்யூட்டரின் பெயர்? கழுதை.

ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை.
சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லையாம்.
காலாவதி தெரியும், அதென்ன ‘இன்னும்’?
மூலையில் கடிகாரத்தைப் பார்த்தேன்:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து மூன்று.

பெசோ சரிந்திருந்த சமயம்.
புது டயர் வாங்க ஆளில்லை,
பழசை ஒட்ட வரிசையில் நின்றார்கள்.
ஒரு கம்ப்ரஸரைக் கடன் வாங்கி
அந்த மாதம்தான் கடை போட்டேன்.
பெட்டிக்கு எப்படித் தெரியும்.
அதற்கு பேட்டரி செத்திருந்தது, அவ்வளவே.

தெருவில் நின்று கத்தினேன்.
நெரேவு மாடியிலிருந்து எறிந்தான்
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி.
பிடிக்கத் தவறி
நடுத்தெருவில் முழங்காலிட்டுத் தடவினேன்.
‘காசு நாளைக்கு’ என்றான்,
எந்த நாட்டுக் காசு என்று சொல்லவில்லை.

இன்றைய தேதியை நானே அடித்தேன்,
ஒற்றை விரலால், ஒவ்வொரு எண்ணாக.

கணக்குத் தாளைத் திறந்து முதல் வரி:
ஸுல்மா, டிராக்டர் டயர் இரண்டு, தீர்ந்தது.

விசிறி இருமியது.
எங்கோ இன்னும் ஒரு முடி.