அரைவட்டம்

காலையில் உளியை நிறுத்துக் கொடுப்பார்கள்,
மாலையில் நிறுத்து வாங்குவார்கள்.
நடுவே தேய்ந்த செம்பு யார் கணக்கில் என்று
எழுத்தர் தெத்தீ இதுவரை சொன்னதில்லை.

இன்று மேற்குச் சுவர்.
பதினோரு இடத்தில் அவள் பெயர்.
பெயர் ஒன்றுக்கு இரண்டு வெங்காயம்,
முகத்துக்கு ஒரு குவளை வாற்கோதுமைக் கள்.
முகம் எளிது.
மூக்கில் தொடங்கினால் மற்றது தானே உதிரும்.

எனக்கு எழுத்து தெரியாது.
ஆந்தையைத் தெரியும், அலையைத் தெரியும்,
கால் மடக்கி உட்கார்ந்த வாத்தைத் தெரியும்.
தெத்தீ சிவப்பு மை தடவிப் போவார்,
மை இருக்கும் இடத்தில் நான் அடிப்பேன்.
அவ்வளவுதான் என் படிப்பு.

இந்தத் தாடி மட்டும் பழக்கமான தாடி.
இருபது வெள்ளத்துக்கு முன்
இதே கையால் நான் செதுக்கியது.
"இன்னும் ஒரு விரல் நீளம்" என்று
அரண்மனையிலிருந்து ஆள் வந்து சொன்னான்.
நாணல்காட்டு ஊரிலிருந்து பன்னிரண்டு வயதில்
படகேறி வந்த பெண்,
புருஷன் செத்து, பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்க,
தாடி கட்டிக்கொண்டு அரியணையில் ஏறினாள்.
சிரித்தவர்கள் உண்டு.
கோடையில் அது எப்படி அரித்திருக்கும் என்றுதான்
நான் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் வருடமும் ஆறு ஏறவில்லை.
வயல் வெடித்து, வெடிப்பில் பாம்பு படுத்திருந்தது.
எங்களிடம் வாங்கும்போது மரக்கால்
கோபுரம் கட்டும்.
எங்களுக்குக் கொடுக்கும்போது
உள்ளங்கை உள்ளே போய்க் குழி பறிக்கும்.
அது அன்றைய வழக்கம்,
சூரியன் கிழக்கே உதிப்பதுபோல.

களஞ்சியப் படியில் ஒருநாள் நடந்தே வந்தாள்.
பல்லக்கு இல்லை, விசிறி இல்லை.
வரிசையில் ஒன்பதாவதாக
என் மனைவி ஹெனுத், இடுப்பில் குழந்தையோடு.
அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்:
அரசி குவியலிலேயே உட்கார்ந்தாளாம்,
தாடி இல்லாமல், முழங்காலெல்லாம் தவிடு.
பனைமட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி
மரக்காலின் வாய்மேல் ஒரே இழுப்பு.
"வாங்கவும் இதே. கொடுக்கவும் இதே."
அவ்வளவுதான் பேசினாளாம்.
அன்றிரவு எத்தனை மாளிகைகளில்
விளக்கு அணையவில்லை என்பதை
எண்ணெய் விற்பவன் சொன்னான்.

போரில் வென்றாளா, தெரியாது.
தொலைநாட்டு வாசனை மரங்களைக் கொண்டுவந்தாளாம்,
எங்கள் தெருவுக்கு அந்த வாசனை வரவில்லை.
அந்த மட்டை வந்தது.

இப்போது அவள் இல்லை.
இருந்ததே இல்லை என்பது புது உத்தரவு.
மட்டைக்கும் பேர் மாற்றினார்கள்: அரசர் கோல்.
வரிசையில் நிற்கும் பெண்கள் சரி சரி என்கிறார்கள்.
முறை வந்ததும்
"அவளை வைத்து இழுடா" என்கிறார்கள்.
சந்தையில் மீன்காரன் தராசில் விரல் வைத்தால்
யாராவது தொண்டையைக் கனைத்து
"பார்க்கிறாள்" என்பார்கள்.
யார் என்று அவன் கேட்பதில்லை.

நண்பகலில் நிழலில் வெங்காயம் கடித்தபடி
தெத்தீயிடம் கேட்டேன்,
எல்லாப் பெயரிலும் ஓரமாக
ஒரு குட்டி அரைவட்டம் வருகிறதே, அது என்ன?
"ரொட்டி" என்றார்.
பிறகு, "பெண் என்பதற்கும் அதுதான் குறி."
இரண்டுக்கும் ஒன்றா?
"எழுத்தைக் கண்டுபிடித்தது நானில்லை" என்று
எழுந்து போய்விட்டார்.

பத்துப் பெயர்களைத் தோண்டி முடித்தேன்.
பதினொன்றாவது கதவுக்குப் பின்னால்,
இடுப்பளவு உயரத்தில்.
அங்கே மட்டும் அரைவட்டத்தின்மேல் மை இல்லை.
தூரிகை காய்ந்ததா, கண் மங்கியதா,
எனக்கு எப்படித் தெரியும்?
மை இல்லாத இடத்தில் அடிக்க
எனக்கு உத்தரவு இல்லை.

மாலையில் உளி தராசில் ஏறியது.
ஒரு கடுகளவு குறைவாகவே தேய்ந்திருந்தது.
தெத்தீ முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
எதையோ எழுதினார்.
பிறகு மரக்காலை என் பக்கம் இழுத்து
மட்டையை எடுத்தார்,
ஒரே இழுப்பு.