ஜூலையில் குளிர்

வூப்பர்டால், அரசு வழக்குத் துறை, நான்காம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஆற்றுக்கு மேல்
சக்கரம் மேலாக, வயிறு கீழாகத்
தொங்கிக்கொண்டு போகிறது ரயில்.
அவர் சொல்வதை நான் சொல்ல வேண்டும்.
மணிக்கணக்கில் சம்பளம்,
காத்திருக்கும் நேரமும் சேர்த்து.

அருளம்பலம். பதினொரு பள்ளிக்கூடம் கழுவும் கம்பனி.
அவர் பெயருக்குக் கீழே பதினான்கு குற்றங்கள்.
ஹோல்ட்கம்ப் அம்மையார் தாளை
அவர் பக்கமாகத் திருப்பிவைத்து
ஆறையும் ஒன்பதையும் வட்டமிட்டார்,
பென்சிலால்.
இவை மட்டும் மிஞ்சலாம், என்றார்.
அந்த 'லாம்' எத்தனை மாதம் என்று
வக்கீல் மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணினார்.

நான் மன்னார்குடி; அப்ரூவர் என்போம்.
அவர் சாவகச்சேரி; அரச சாட்சி என்பார்.
இங்கே இதற்கு மகுடச் சாட்சி என்று பெயர்.
சொன்னேன்.
மொட்டைத் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

காசை எதில் வைத்துக் கொடுத்தீர்கள்?
"கையுறைப் பெட்டியில. நூறு உறைப் பெட்டி, நடுத்தர அளவு."
பெரியவர்களைக் காணப் போகையில்
கொண்டுபோகும் பொருளுக்குப்
பழந்தமிழில் கையுறை என்றே பெயர்.
இதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

நகர மன்றத்து க்ரூடெவிக் பணம் கேட்டாரா?
"கேக்கேல்லை."
பிறகு?
"குளிருது எண்டார். நான் விளங்கிக்கொண்டன்."

தட்டச்சு நின்றது.
கேட்டார் என்று ஒரு சொல் போட்டிருந்தால்
அன்று மதியமே முடிந்திருக்கும்.
அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் இருவர்;
ஒருவர் மேல் பதினான்கு குற்றம்,
மற்றவள் மேல் ஒரு சத்தியம்.
குளிராக இருக்கிறது என்றார், என்றேன்.

ஹோல்ட்கம்ப் அவரை நம்பவில்லை.
நம்பாமல் உபயோகிப்பதுதான் அந்த அம்மாவின் தொழில்.
தேதி கேட்டார்.
துடைப்பாட்களின் முறைப்பட்டியலைப் புரட்டி
ஏழு தேதி கொடுத்தார் அருளம்பலம்.
அதற்குள் வேறு அறைகளில் வேறு பென்சில்கள்:
கட்சி அலுவலகக் கணக்குப்பிள்ளைக்கு ஒரு வட்டம்,
பெட்டிகள் இறங்கிய கராஜின் சொந்தக்காரருக்கு,
அவர் க்ரூடெவிக்கின் மச்சான்,
அழுது வாங்கிய அரை வட்டம்.
தேனெடுத்தவர்கள் எல்லோரும்
அடுத்தவன் புறங்கையைக் காட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு தாள் வந்தது,
வானிலை நிலையத்திலிருந்து.
நவம்பர் ஒன்பது, நான்கு பாகை. அதை விட்டுவிட்டார்.
பிப்ரவரி, அதையும்.
ஜூலை பதினொன்று, பிற்பகல் மூன்று மணி:
முப்பத்தொன்று.
அடிக்கோடிட்டார். இம்முறை பேனாவால்.

வழக்குமன்றத்தில் எதிர்த்தரப்பு எழுந்தது.
இந்த வார்த்தைக்கு உங்களுக்குக் கிடைத்த விலை என்ன?
விலை என்றே மொழிபெயர்த்தேன்.
"பன்னிரண்டு" என்றார் அருளம்பலம்,
சந்தையில் மீன் சொல்வதுபோல.
க்ரூடெவிக் தண்ணீர்க் குவளையைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.
தலைமை நீதிபதி ஜூலைத் தாளை
இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மாலை, தொங்குரயில் மேடை.
சாட்சியோடு நான் பேசக் கூடாது,
அதனால் மறு கோடியில் நின்றேன்.
பனி தூறிக்கொண்டிருந்தது. அவரிடம் தொப்பி இல்லை.
"பிள்ளை, குளிருதென்ன" என்றார்,
என்னிடமா, தண்டவாளத்திடமா.
பிறகு, தான் சொன்னது காதில் விழுந்ததுபோல்
சட்டென்று இரு பக்கமும் பார்த்தார்.

ரயில் வர இன்னும் நான்கு நிமிடம்.
என் பையில் இரண்டு கையுறை இருந்தது.