நாலாவது நிரல்

தண்டவாளத் துண்டில் ஒரே ஒரு அடி.
"கையை உயர்த்துங்கோ.
சத்தம் உங்களுக்கு முடியிற இடத்தில
இறக்குங்கோ."

இருபத்தொரு கைகள்.
முதலில் சதுர்சனின் கை விழும், அவனுக்கு எதிலும் அவசரம்.
பிறகு நடு வாங்கில். பிறகு வாசல் பக்கம்.
கடைசியாக ஆரணிகா,
மணிக்குள்ளேயே குடியிருப்பவள் போல
கண்மடல் துடிக்க வைத்திருந்து
மெல்ல இறக்குவாள்.
அவள் இறக்கியதும் நானும் இறக்குவேன்.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளக்கட்டுக்குக் கீழே
எங்கள் பள்ளிக்கூடம்.
சுவர் இடுப்பளவுதான்.
ஊரின் ஒலியெல்லாம் அனுமதி கேளாமல்
வந்து வகுப்பில் உட்காரும்.
தரம் நாலுக்குக் கரும்பலகையில்
மூன்று நிரல் கீறினேன்:
என்ன ஒலி. எங்கிருந்து. யாருக்கு.

யானைவெடி. வயல் பக்கம். யானைக்கு.
"இல்லை டீச்சர், எங்களுக்கும்தான்.
அப்பா முழிச்சிருக்கிறார் எண்டு தெரியும்."
பாண் ஓட்டோவின் பாட்டு. றோட்டு.
காசு இருக்கிற வீட்டுக்கு.
மயில், ஆருக்கெண்டு தெரியாது, அதிட்டத்தான் கேக்கவேணும்.
கோயில் ஸ்பீக்கர் சாமிக்கு என்றான் ஒருவன்.
"சாமி பக்கத்திலதானே இருக்கு,
பிறகேன் அவ்வளவு சத்தம்?"
ஆசிரியர் வழிகாட்டியைப் புரட்டினேன்.
இதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆரணிகா எழுந்து
"இன்னொரு நிரல் வேணும் டீச்சர்" என்றாள்.
"ஆர் நிப்பாட்டலாம்?"

வெண்கட்டி கொஞ்சம் நின்றது.
பிறகு கீறினேன்.

மறுநாள் அவள் கொப்பியில்:
டிப்பர். ஆத்துப் பக்கம். இரவு பதினொன்று.
வெறுமையாய்ப் போகேக்க கிலுகிலுக்கும்,
மண்ணோட வரேக்க முனகும்.
ஒன்பது கிலுகிலுப்பு, ஒன்பது முனகல்.
யாருக்கு: வீடு கட்டிற ஆக்களுக்கு.
ஆர் நிப்பாட்டலாம்:
அங்கே ஒரு பெயர். அழித்து, அதன்மேல் ஒரு பெயர்.
அதையும் அழித்து
தாள் ஓட்டையாகி இருந்தது.

அதிபர் பார்த்தார்.
"இதைச் சுவரில ஒட்டாதேங்கோ பிள்ளை,
மயிலை ஒட்டுங்கோ."
மயிலை ஒட்டினேன்.
ஓட்டைத் தாளைப் பையில் வைத்தேன்.
அன்றிரவு பதினொன்றுக்கு யன்னலைத் திறந்தேன்.
நான் எண்ணியது ஏழு முனகல்.
காலையில் அவள் சொன்னது பத்து.

வெள்ளிக்கிழமை, மணி அடிக்க முன்னம்
சதுர்சன்தான் தொடங்கினான்:
"டீச்சர் கேட்டு இறக்கிறேல்லை.
ஆரணிகாவைப் பாத்துத்தான் இறக்கிறவ."
கேட்கப் பழக்கினால்
பார்க்கவும் பழகிவிடுகிறார்கள்.
"கண்ணை மூடுங்கோ டீச்சர்."

மூடினேன். அடித்தார்கள்.
கைகள் ஒவ்வொன்றாய் இறங்க
சட்டைத் துணிகள் உரசின.
பிறகு அதுவும் இல்லை.
என் இடக்காதில் மட்டும்
ஒன்பது வயதில் பங்கருக்குள் வந்து ஏறி
இன்றுவரை இறங்காத
மெல்லிய கம்பி ஒலி.
மணியின் மிச்சம் எங்கே முடிகிறது,
அது எங்கே தொடங்குகிறது,
ஒருநாளும் பிரித்தறிந்ததில்லை.

கை மேலேயே நின்றது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
வலக்காதைத் திருப்பினேன்:
கொப்பிகள் திறபடுகின்றன.
அடிமட்டம் வைத்து ஆரோ
நாலு நிரல் கீறுகிறார்கள்.