குடத்துக்குள் விளக்கு

பழைய வெண்கலப் பானை ஒன்றைப் பார்த்துத்தான்
இந்தக் கட்டடத்தைக் கட்டினார்களாம்.
கீழே சதுரம், அது மண்.
மேலே வட்டம், அது வானம்.
உச்சியில் வளைந்த காதுகள்,
யாரோ வந்து தூக்கிப்போகக் காத்திருப்பதுபோல.
ஷாங்காய் டாக்சிக்காரர் ஒருவர் கேட்டார்:
"பானையடியிலா இறங்கணும்?"

அந்தப் பானைக்குள் பல்பு மாற்றுகிறவள் பெங் யாவ்ஜூ.
ஐம்பத்து மூன்று வயது. நாலடி எட்டங்குலம்.
யாங்பூவில் ஒரு பல்பு ஆலையில் இருந்தாள்,
அதை மூடினார்கள், இங்கே வந்தாள்.
வருத்தமெல்லாம் இல்லை.
"அங்கே ஒரு நாளைக்கு நாலாயிரம் பல்பு.
இங்கே ஒரு பல்புக்கு நாலு கையெழுத்து."

ஓவியக் கூடத்தில் எப்போதும் அந்தி.
பட்டுக்கு வெளிச்சம் ஆகாது,
பார்க்கப் பார்க்கத் தேயும்.
ஆள் நெருங்கினால் மட்டும்
கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு மெல்ல விழிக்கும்.
நகர்ந்தால்
மலையும் பாலமும் பாலத்தில் கழுதையும்
உறங்கப் போய்விடும்.
குடத்திலிட்ட விளக்கு என்று குறையாகச் சொல்வோமே,
இங்கே அதற்குத்தான் சம்பளம்.

திங்கட்கிழமை கதவு திறப்பதில்லை. சோதனை நாள்.
ஒவ்வொரு பெட்டியின் முன்னும் போய் நிற்பதுதான் வேலை.
எந்தப் பேரரசருக்கும் இப்படி வாய்த்திருக்காது:
துணிச்செருப்போடு ஒருத்தி நடக்க நடக்க
ஆறுகள் ஒவ்வொன்றாய் எழுந்துகொள்கின்றன.

பதினேழாம் பெட்டி மட்டும் எழவில்லை.
கையை உயர்த்தினாள், எழுந்தது.
இறக்கினாள், படுத்தது.
உணரி நன்றாகத்தான் இருந்தது.
அவள்தான் குட்டை.
குறிப்பேட்டில் எழுதினாள்: சரி.

வியாழக்கிழமை பள்ளிக்கூடக் கூட்டம்.
ஏணியைச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பினால்
பதினேழாம் பெட்டி பாதிக் கண் திறந்து மூடுகிறது,
திறந்து மூடுகிறது.
மஞ்சள் தொப்பிச் சிறுமி ஒருத்தி
குதித்துக்கொண்டிருந்தாள்.
ஒரு குதிக்கு ஒரு படகு.
ஒரு குதிக்குப் படகில் ஓர் ஆள்.
அடுத்த குதிக்கு அவன் கையில் ஏதோ,
துடுப்பா தூண்டிலா,
தெரிவதற்குள் தரை வந்துவிட்டது.
"டாவ் நிங், வரிசைக்கு வா!"
போனாள், துடுப்பும் தூண்டிலும் தெரியாமலே.

அடுத்த திங்கள்
திருகாணியைத் தளர்த்தி
உணரியை ஒரு சாண் கீழே இறக்கினாள் யாவ்ஜூ.
நாலு கையெழுத்து வேண்டிய வேலை.
ஒன்றுகூட வாங்கவில்லை.

மாதக் கடைசியில்
பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஷியே வெய்ஹெங் வந்தார்,
கையில் கணக்குத் தாள்.
"பதினேழு இம்மாதம்
பதினோரு மணி நேரம் கூடுதலாய் எரிந்திருக்கிறது.
எழுநூறு வருஷத்துப் பட்டு அது.
என்ன காரணம்?"
"குழந்தைகள்."
அவர் உணரியைப் பார்த்தார். அவள் உச்சந்தலையைப் பார்த்தார்.
பேனாவை மூடி, மறுபடி திறந்து,
காரணம் என்ற கட்டத்தில் எழுதினார்: கூட்டம்.
"சீக்கிரமே கிடங்குக்கு அனுப்பவேண்டி வரும்" என்றார்,
"இருட்டில் சில வருஷம் தூங்கட்டும்."
அது கோபமா என்று அவளுக்குப் புரியவில்லை.

மதியம் வெளியே கல் சிங்கத்தின் நிழலில்
வெங்காயத்தாள் நூடுல்ஸ்.
கீழ்த்தளத்துப் பானையின் உள்வயிற்றில்
சூப்பு ஊற்றினால் மறைந்துபோகும் இடத்தில்
செதுக்கியிருக்கிறது:
மகன்களும் பேரன்களும் வழிவழியாய்
இதைப் போற்றுக, பயன்படுத்துக.
போற்றுவது நடக்கிறது, எச்சில் படாத கண்ணாடிக்குள்.
மற்றதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
டப்பாவைக் கழுவி வைத்தாள்.

இன்று திங்கள். வெளியே மழை,
பானையின் விளிம்பெல்லாம் ஒழுகுகிறது.
பதினேழாம் பெட்டி
கையை உயர்த்தாமலே அவளுக்கு விழித்தது.
துடுப்பு இல்லை. தூண்டிலும் இல்லை.
அந்த ஆள்
நனைந்த சட்டைக் கையைப் பிழிந்துகொண்டிருக்கிறான்,
அவ்வளவுதான்.

மனசுக்குள் எட்டு வரை எண்ணினாள்.
பட்டுக்கு அதற்கு மேல் ஆகாது.
நகர்ந்தாள்.
அவன் ஆற்றில் இருட்டியது.