சங்கு கழற்றிய வண்டி

ஏலத்தில் எடுத்தது, பதினோராயிரம் வெள்ளிக்கு.
பிறை ஃபிளாட்டின் கீழே கொண்டுவந்து நிறுத்தியதும்
ஏழு மாடியிலும் கதவுகள் திறந்தன.
யாருக்கு என்ன ஆச்சு என்று
பத்மாவதி அக்கா செருப்பில்லாமல் இறங்கி வந்தார்.
யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன்.
லீவுக்குக் கடற்கரை போகத்தான் என்றேன்.
வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கழுவியாச்சா என்று மட்டும் கேட்டார்.

கழுவினோம்.
டெட்டால் வாசனையை எதைப் போட்டுக் கழுவுவது?
எலுமிச்சை, சோடா மாவு, காப்பித்தூள்,
கடைசியில் சாம்பிராணி.
இப்போது கோயிலுக்குள் யாருக்கோ
ஊசி போட்ட மாதிரி ஒரு வாசம்.

குணாளன் தன் சனிக்கிழமைகளை அதற்குக் கொடுத்தான்.
ஸ்ட்ரெச்சர் ஓடிய தண்டவாளத்தைப் பிடுங்க மட்டும் மனமில்லை;
அதன்மேல் பலகை அடித்தான்.
இழுத்தால் அடுப்பு வரும், தள்ளினால் கட்டில்.
குளுக்கோஸ் தொங்கிய கொக்கியில்
பிசாங் மாஸ் ஒரு சீப்பு.
ஆக்சிஜன் நின்ற வளையத்துக்குள்
கேஸ் தோம்பு அச்சாகப் பொருந்தியது.
தானே அளந்து செய்தவன்போலச் சிரித்தான்.

பூன் ஹெங் பட்டறையில் சங்கைக் கழற்றினார்கள்.
விதி அப்படி: சங்கு கூடாது, நீல விளக்கு கூடாது,
எழுத்தும் கூடாது.
நான்கு ஆணி, இரண்டு கம்பி.
அத்தனை அலறலும் ஒரு பிஸ்கட் டின் அளவுதான்.
சர்வின் அதை மடியில் வைத்து
வீடுவரை தட்டிக்கொண்டே வந்தான்.

தரைவிரிப்பை உரித்த அன்று உள்ளே நான் மட்டும்.
பசை, மணல், இருபது காசு, பேனா மூடி,
ஒரு திருகாணி.
தோடு இல்லை.
யார் கழற்றியிருப்பார்கள், ஓடுகிற வண்டியில்,
எவ்வளவு அவசரமாக?
அந்தத் தோடு யார் கையில் போனது,
எந்தக் காதுக்குத் திரும்பியது?
குணாளனிடம் சொல்லவில்லை.
பஞ்சில் சுற்றி
மிளகு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

முதல் பயணம். பினாங்குப் பாலம், காலை ஒன்பது, நெரிசல்.
முன்னால் போன மைவி சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கியது.
அதற்கு முன்னால் ஒரு லோரி.
அதற்கும் முன்னால் இரண்டு மோட்டார்.
எங்களுக்குப் புரியவில்லை.
நிவாஷினிதான் கண்டுபிடித்தாள்:
சிவப்பைச் சுரண்டிவிட்டோம், ஆனால்
வெயில் படாத இடம் வெள்ளையாக மிச்சமிருக்கிறது.
இடம் வலம் மாறிய ஒரு சொல்.
முன்னால் போகிறவர் கண்ணாடியில் மட்டும்
நேராகிற சொல்.

விட்டுக்கொண்டே இருந்தார்கள் வழியை.
உள்ளே நாசி லெமாக் பொட்டலங்கள்,
ஊதாத ரப்பர் வளையம்,
துவைத்த துண்டுகள் நான்கு.
குணாளனுக்குக் காது சிவந்துவிட்டது.
நன்றி சொல்லக் கை தூக்கினான், பாதியில் இறக்கினான்.
என்னவென்று நன்றி சொல்வது?

அப்போதுதான் பின்னாலிருந்து வந்தது,
கழற்றாத சங்கு.
நாங்களும் ஒதுங்கினோம்.
முன்னால் திறந்து கிடந்தது பாலம்,
தீவு வரைக்கும்.
அது அதற்குள் நுழைந்து போனது,
ஒருமுறைகூடப் பிரேக் விளக்கு எரியாமல்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
பொட்டலம் ஒன்று சரிந்து சம்பல் கொட்டியதைக்கூட
பிறகுதான் பார்த்தோம்.

இரவு பாலிக் புலாவ் பக்கம், மழை.
கட்டிலில் மல்லாந்து கிடந்த சர்வின் கேட்டான்:
இங்கே படுத்தவங்கெல்லாம்
எதைப் பாத்துக்கிட்டுப் போனாங்க?

நானும் அவன் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன்.
வெள்ளைத் தகரம். இரண்டு வட்ட விளக்கு.
ஒரு விளக்கின் ஓரத்தில்,
நின்றால் தெரியாத இடத்தில்,
யாரோ பேனாவால் வரைந்த மீன்,
கட்டைவிரல் நகம் அளவு.

வால் சரியில்லை என்றான்.