கிழிக்கிற பழக்கம்

முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கிழித்த விரல்.
இருட்டிலும் மாத்திரை அட்டையை
ஓரம் பிசகாமல் கிழிக்கும்.

பெரம்பூரில் ஏறி
அடையாறு வரைக்கும் நின்றுகொண்டே போய்
நின்றுகொண்டே திரும்பியதில்
முட்டி இரண்டும் தேய்ந்தன.
இடது பக்கத்துக்கு இப்போது உலோகம்.
வலதுக்கு இன்னும் முறை வரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு தாள் கொடுத்தார்கள்.
வலிக்கு இது, பத்து நாள் மட்டும்.
ரத்தம் கட்டாமல் இருக்க இது, ஐந்து வாரம்.
ரத்தம் ஊற இது, இரும்பு.
பிரஷருக்குப் பழையதே.
அடியில் சிவப்பு மையில்,
கடையில் வேறு வலி மாத்திரை வாங்கக் கூடாது.
படித்தேன்,
‘படியில் பயணம் செய்யாதீர்’ என்பதை
ஜனங்கள் படிக்கிற மாதிரி.

பதினோராம் நாள், ராத்திரி இரண்டு மணி.
வியாசர்பாடிப் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று
முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.
முட்டிக்குள் யாரோ
கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.
குமுதவல்லி நல்ல தூக்கம்.
ஃபிரிட்ஜ் மேல் பிஸ்கட் டப்பா,
அதற்குள் எட்டு வருஷமாய்ப் பழகிய மஞ்சள் மாத்திரை,
டபுள் டூட்டி நாட்களில்
டீக்கு முன்னால் போட்டது.
ஒன்று கிழித்தேன்.
வலி அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
ஃபிசியோ தம்பி ஜெபசிங்
‘சார், தொண்ணூறு டிகிரி மடங்குது!’ என்று
கை குலுக்கினான்.
பாராட்டு யாருக்குச் சேரணும் என்று
நான் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மலம் கறுத்தது,
தார் போல.
இரும்பு மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று
தாளிலேயே போட்டிருந்தது.
மொத்தத் தாளில்
அந்த ஒரு வரியைத்தான் நம்பினேன்.

டப்பா காலியான அன்று
வாக்கரைத் தள்ளிக்கொண்டு தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன்.
ரிஸ்வானா அட்டையை எடுக்கவில்லை.
‘ஆபரேஷன் ஆயிடுச்சா? தாள் எங்க?’
மடித்து மடித்துக் கிழிந்த தாளைக் காட்டினேன்.
‘ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஓடுதே அண்ணே.
இதோட அது சேர்ந்தா வயித்துல கசியும்.
கிட்னியும் தாங்காது.’

‘எட்டு வருஷமா சீட்டு கேக்காம கொடுத்தியே,
அப்ப தாங்குச்சா?’
கத்திவிட்டேன்.
பால்பவுடர் வாங்க நின்ற பெண்
குழந்தையை அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.
ரிஸ்வானா குரலைத் தாழ்த்தினாள்.
‘கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.’
பிறகு என் நகத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.
‘மோஷன் என்ன கலர்ல போகுது?’

ஒரு பஸ் நிறைய ஆட்கள் முன்னால்
ஸ்டேஜ் பெயரைக் கூவியவன்,
‘கறுப்பு’ என்று
எனக்கே கேட்காமல் சொன்னேன்.
அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது வரைக்கும்
நினைவிருக்கிறது.

ஹீமோகுளோபின் ஆறரை.
கிரியேட்டினின் என்று இன்னொரு எண்,
அது ஏறியது ஒரே வாரத்தில்,
இறங்க மூன்று வாரம்.
யாருடையதோ ரத்தம், இரண்டு பை.
‘வெளியே ஏதாவது மாத்திரை போட்டீங்களா?’
டூட்டி டாக்டர் கேட்டார்.
நான் ஃபேனைப் பார்த்தேன்.

குமுதவல்லி கைப்பையைத் திறந்தாள்.
ஃபிரிட்ஜ் இடுக்கிலிருந்து பொறுக்கிய அட்டைகள்.
‘பதிமூணு, டாக்டர்’ என்றாள்,
செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி.
எப்போது எண்ணினாள் என்று கேட்கவில்லை.
இன்றுவரை.

இப்போது வேளை தவறாமல் ஒரு பாராசிட்டமால்,
அதுவும் தாளில் உள்ள அளவு.
மீதி வலிக்கு
ஃப்ரீசரில் உறைந்த ஆவின் பாக்கெட்,
துண்டில் சுற்றி, இருபது நிமிஷம்.
வலி போகவில்லை.
சில ராத்திரி கதவைத் தட்டும்,
நானும் இருக்கிறேன் என்று
காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன்.

விடியும்போது பாக்கெட் இளகியிருக்கும்.
குமுதவல்லி அதை வெட்டி
அடுப்பில் ஏற்றுவாள்.
‘முட்டிக் காபி’ என்று
டம்ளரை நீட்டுவாள்.
கொஞ்சம் சர்க்கரை கம்மி.
குடித்துவிடுகிறேன்.