சூடு ஆறுமுன்

ஆ செங் சொன்னான்:
மூணாவது கியரிலேயே விரட்டு,
சூடு ஆறுமுன் உள்ளே நுழைஞ்சிடு.

பீடோர் சாலையில் அலறிக்கொண்டு வந்தது
விவாகரத்தில் என் பங்குக்குக் கிடைத்த
இருபத்தாறு வயது இஸ்வாரா.
ஏர்கோன் போடவில்லை. முகமெல்லாம் செம்மண்.

எனக்கு முன்னால் ஏழு லோரி.
எஞ்சினை அணைக்காமல்
பெட்ரோல் முள் சாயச் சாய
மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன்.
ஐந்தாவது லோரி நகர்வதற்குள்
மூன்றாகிவிட்டது.

ஹஃபிஸ் புகைக்குழலில் குழாயைச் செருகினான்.
"தெக்கான் மின்யாக், காக்."
மிதித்தேன்.
கண்ணாடியில் அவன் முகம் மட்டும்.
இன்னும் மிதி என்றது கை.

லுலுஸ்.

பெயர் மாற்றும் பாரத்தைப்
பானெட்டில் விரித்துக் கையெழுத்துப் போட்டேன்.
எதிரே பாமாயில் ஆலை
ராத்திரி பகலாய் ஊதுவதில் ஒரு துகள்
என் பெயர்மேல் வந்து இறங்கியது.

துடைத்தேன்,
பரவியது.